உருளைக்கிழங்குப் பாத்தியில் ஒரு டிஷ்

"ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் ஏணியிலிருந்து இறங்கினான். இன்வர்கார்கில் டவுனில் இருந்து வேன் போட்டுக்கொண்டு வந்தவன். கூரைமேல் நின்றது மொத்தம் ஐந்து நிமிஷம்தான் இருக்கும்.

ரிப்பேக்கா ஏணியின் அடிக்காலை விடாமல் பிடித்திருந்தாள். "எது ஆகாது?"

"டிஷ் மாட்ட முடியாது. அந்த மரத்தப் பாருங்க." வீட்டின் வடக்கே, வேலிக்கு அந்தப்புறம் மக்ரோகார்ப்பா மரங்கள் வரிசையாக நின்றன. காற்றுக்குத் தடுப்பாக பக்கத்துப் பால்பண்ணைக்காரனின் தாத்தா வைத்தது. பனைமரம் உயரத்துக்கு ஏறி, ஒன்றோடொன்று பின்னிக் கறுத்துக் கிடந்தன. "சேட்டிலைட் நிக்கிறது அதுக்குப் பின்னால. பகல் ஒன்றரை மணிக்குச் சூரியன் எங்கன நிக்குதோ, அதுக்கு நாலு விரல் மேல. மரம் மறைக்குது."

"மரத்த வெட்டச் சொன்னா?"

"பண்ணைக்காரர்ட்ட கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. அவரு மரம், அவரு இஷ்டம்." அவன் ஒரு காகிதத்தில் கிறுக்கி அவள் கையில் கொடுத்தான். வடக்கே, சற்று மேற்கு. சாய்வு முப்பத்தாறு. மரம் மறைக்கிறது. இயலாது.

"மாசக் கடைசியில பழைய டிவி சிக்னல நிறுத்தப்போறாங்களே, அப்புறம் நாங்க என்ன செய்யிறது?"

"டவுனுக்கே குடிபோறவங்க நெறையப் பேரு இருக்காங்கம்மா" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்தில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்ன இரண்டாவது ஆள் அவன். வேன் தார்ரோட்டில் ஏறி மறைகிறவரை வாசலிலேயே நின்றாள். காகிதத்தைக் கிழிக்கப் போனவள், என்ன தோன்றியதோ, மடித்து மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

முதலில் சொன்னவள் மகள் ரோய்மாட்டா. ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது சொன்னாள்.

ஹேனாரேவுக்குப் பக்கவாதம் வந்தது பிப்ரவரியில், கொட்டகையில் நாய்க்குக் கறி வெட்டிக்கொண்டிருந்தபோது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கழித்து வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வந்தது இங்கிலீஷ் இல்லை, மாவோரி. எழுபத்து நாலு வயதில், சின்ன வயதில் பேசிய பேச்சு மட்டும் மிச்சமாக நின்றது. இங்கிலீஷைத் துடைத்து எடுத்ததுபோல் ஆகிவிட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

கிழக்குக் கடற்கரைக்காரர் அவர். பதினேழு வயதில் ஆட்டுமயிர் கத்தரிக்கும் கூட்டத்தோடு இந்தத் தெற்குக் கோடிக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. ரிப்பேக்கா இந்தப் பக்கத்துக்காரி, கடலோரத்து ரிவர்ட்டனில் பிறந்தவள். அவளும் மாவோரிதான். ஆனால் அவள் அம்மா காலத்திலேயே வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. நாலைந்து பாட்டு, சாப்பாட்டு ஜெபம், வணக்கம் சொல்ல ஒரு வார்த்தை. அவ்வளவுதான். கல்யாணமான புதிதில், "எனக்கும் உங்க பேச்சக் கத்துக் குடுங்களேன்" என்று ஒரு தடவை கேட்டாள். அவர் கத்தரியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அதுல ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் பள்ளிக்கூடத்துல தோல்வாரால அடி வாங்கியிருக்கேன். அந்தச் சனியன் நம்ம வீட்டுக்குள்ள வேண்டாம்." அதற்குப்பிறகு அவள் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு வருஷம் ஆயிற்று.

இப்போது அவர் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஏதேதோ சொல்கிறார். இவள் தண்ணீர் கொடுக்கிறாள். அது இல்லை என்று தலையை ஆட்டுகிறார். போர்வை கொண்டுவருகிறாள். அதுவும் இல்லை. மூன்றாவதாக எதைக் கொண்டுவருவது என்று தெரியாமல் நிற்கும்போது அவர் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறார். பத்து நாளாக அப்படி வாயை மூடியது மூடியதுதான். சாப்பாடும் பாதியாகிவிட்டது. உப்பிட்ட டீட்டிப் பறவைக் கறி என்றால் எலும்பை உறிஞ்சி வெள்ளையாக்கிவிடுகிற மனுஷன். அந்தப் பறவை பிடிக்கிற தீவிலிருந்து அவள் தம்பி அனுப்பிய கறியை மூன்று தண்ணீர் மாற்றி, உருளைக்கிழங்கு போட்டு, கொழுப்பு மணம் ரோடு வரை வீச வேகவைத்து வைத்தாள். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்று கையைக் காட்டிவிட்டார்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ரோய்மாட்டா பேச்சை எடுத்தாள்.

"அம்மா, டவுன்ல அந்த முதியோர் இல்லத்துல ஒரு எடம் காலியாகுது. அடுத்த திங்கக்கெழமையில இருந்து. நான் அப்பா பேரக் குடுத்துட்டேன்."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"யாரக் கேக்கணும்? நீங்க அவரத் தூக்கிக் குளிப்பாட்டி இடுப்ப ஒடிச்சுக்கிட்டா உங்களுக்கும் சேத்து எடம் பாக்கணும்."

"முப்பது வருஷம் கம்பளிக் கட்டு தூக்குன இடுப்பு இது. உங்கப்பன் அதுல பாதி கனம்கூட இல்ல."

"வெளையாடாதீங்கம்மா."

"சரி, வெளையாடல. அங்கன அவரோட யாரு பேசுவா?"

ரோய்மாட்டா கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில்தான் சொன்னாள். "இங்கன மட்டும் யாரு பேசுறா?"

ரிப்பேக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. மகள் சனிக்கிழமை பெட்டியோடு வந்து சாமான் கட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் முழுக்க உருளைக்கிழங்குப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டே அந்த நாலு வார்த்தையை மென்றாள். மறுநாள் பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஒரு புது டிவி வாங்கிக்கொண்டு வந்தாள். மாவோரியிலேயே பேசுகிற சேனல் ஒன்று உண்டு என்று அவளுக்குத் தெரியும். மலையிடுக்கில் இருக்கும் இந்த ஊருக்கு அது எட்டியதில்லை. டிஷ் போட்டால் வரும், அதற்கு மாசாமாசம் யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாம் என்று கடைக்காரன் சொன்னான். டிஷ் போடத்தான் அந்த வேன்காரனைக் கூப்பிட்டது. அவன் எழுதிக் கொடுத்ததுதான் அந்தக் காகிதம்.

வேன் போன அன்றைக்கே பகல் ஒன்றரை மணிக்கு அவள் பின்வாசலில் போய் நின்றாள். மரங்களின் நிழல் கொல்லையைத் தாண்டி, கூரையை மூடி, வீட்டின் தென்பக்கத்து முற்றத்தில் பாதிவரை விழுந்து கிடந்தது. உலகத்தின் இந்தத் தென்கோடியில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும், குளிர்காலம் முழுக்க, அந்த வீட்டுக்குள் வெயில் எட்டிப் பார்க்காது. அதைச் சொல்லிச் சொல்லி நாற்பது வருஷமாகப் புலம்பியவள் அவள். நிழலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். நிழல் முடிந்து வெயில் தொடங்கிய இடம் உருளைக்கிழங்குப் பாத்தி. முற்றத்தில் வெயில் விழுகிற இடம் அது ஒன்றுதான் என்று ஹேனாரேதான் அங்கே பாத்தி போட்டார்.

பாத்திக்குள் இறங்கி நின்று முகத்தைத் தூக்கினாள். கண்ணில் நேராக வெயில் அடித்தது. கையை நீட்டிச் சூரியனுக்கு மேல் நாலு விரலை வைத்துப் பார்த்தாள். அங்கே மரமும் இல்லை, கிளையும் இல்லை. வெறும் வானம்.

"கூரையில ஆகாதுன்னான்" என்று வாய்விட்டுச் சொன்னாள். "பாத்தியில ஆகாதுன்னு அவன் சொல்லலையே."

நேராக எஃபி வீட்டுக்குப் போனாள். எஃபி இரண்டு வீடு தள்ளி. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஆலெக்கின் பெண்டாட்டி, இப்போது விதவை. எழுபத்தொரு வயது. ஸ்காட்லாந்துக்காரர்கள் வழிவந்த இந்தப் பக்கத்து வெள்ளைக்காரி. ரகரத்தை நாக்கில் உருட்டித்தான் பேசுவாள்.

"எடீ எஃபி, உங்க வீட்டுக் கூரையில ஒரு டிஷ் கெடக்குல்ல?"

"கெடக்கு. அந்த மனுஷன் ரக்பி பாக்கறதுக்கு வச்சது. அவரு போனதோட ரக்பியும் போச்சு, நிம்மதி. எதுக்குக் கேக்க?"

"எனக்கு வேணும்."

"எடுத்துக்கோ. யாரு ஏறி எடுக்கிறது?"

"நான்தான்."

எஃபி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அறுபத்தெட்டு வயசுல கூரைமேல ஏறப்போறியா? விழுந்தேன்னு வையி, ஒன் மக ஒரே வண்டியில ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுப் போயிருவா."

"அதனாலதான் விழமாட்டேன். ஏணியப் புடி."

மழைக்காற்றில் துருவேறிய திருகாணிகள் நாலு. மூன்று, எண்ணெய் விட்டதும் கழன்றன. நாலாவதை வெட்டுளி வைத்து உடைத்தாள். டிஷ்ஷின் முன்னால் மூக்குபோல் நீட்டிக்கொண்டிருந்த கருவிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. மண்ணைச் சுரண்டி ஊதித் துணியால் துடைத்தாள். ஆலெக்கின் கொட்டகையில் டிராக்டர் சக்கரத்து இரும்புவளையம் ஒன்று கிடந்தது, இரும்புக்குழாயும் இருந்தது. இரண்டு கிழவிகளும் சேர்ந்து வளையத்தைத் தெருவில் உருட்டிக்கொண்டு வந்தார்கள். பால்பண்ணைக்காரன் டிராக்டரை நிறுத்தி, "என்ன ரிப்பேக்கா, சர்க்கஸா?" என்று கேட்டான்.

"ஆமா, டிக்கெட் வாங்கிட்டியா?" என்றாள் எஃபி.

ரிப்பேக்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் பாத்தியில் இரண்டு வரிசையைத் தோண்டிக் கிழங்கை எடுத்தாள். அந்தக் குழியில் வளையத்தை இறக்கி, நடுவில் குழாயை நிறுத்தி, சிமெண்டும் ஜல்லியும் குழைத்துக் கொட்டினாள். குழாய் ஒரு மயிரிழைகூடச் சாயக்கூடாது. ரசமட்டத்தை ஒரு பக்கம் எஃபி பிடித்தாள், இன்னொரு பக்கம் இவள் குழாயைப் பிடித்தாள். ஜன்னலுக்குள் ஹேனாரே உட்கார்ந்திருந்தார். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியில் கொஞ்சம் திரும்பியிருந்தார். தன்னுடைய கிழங்குப் பாத்தியை இரண்டு பொம்பளைகள் நாசம் பண்ணுவதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"மொறைக்காரு" என்றாள் எஃபி.

"மொறைக்கட்டும். பத்து நாளா அதுகூட இல்ல."

ஒன்றரை மணிக்கு வெயில் இருந்தது. குழாயின் நிழல் மண்ணில் விழுந்த கோட்டின்மேல் ஒரு கம்பளி நூலைக் கட்டி, இரண்டு முனையிலும் முளை அடித்து வைத்தாள். வைத்தது நல்லதாயிற்று. வெள்ளிக்கிழமை விடிந்ததே மேகத்தோடுதான். டாக்கிட்டிமு மலையின் தலை தெரியவில்லை. தெற்கே இருந்து காற்று பனியின் வாடையோடு வந்தது.

டிஷ்ஷைக் குழாயில் மாட்டி, நூலின் வழியே நேராகத் திருப்பினாள். வேன்காரனின் காகிதத்தை எடுத்து, சாய்வைப் பின்பக்கத்து அளவுகோட்டில் முப்பத்தாறில் வைத்தாள். 'இயலாது' என்று எழுதிய காகிதத்தில் செய்ய வேண்டியது அத்தனையும் இருந்தது.

"இது வானத்தப் பாக்கலையேடி" என்றாள் எஃபி. "ஒங்க வீட்டுக் கூரையயில்ல பாக்குது."

"அதோட முகவெட்டு அப்படி. பாக்கறது ஒரு பக்கம், புடிக்கிறது ஒரு பக்கம். கோட்டுல உள்ளதுதான் கணக்கு. நீ உள்ள போயி டிவியப் பாரு. ரெண்டு கோடு இருக்கும். மேல உள்ளது வயரு சேந்திருக்கான்னு காட்டுறது, அது கெடக்கட்டும். கீழ உள்ளதுதான் சிக்னலு, அது ஏறுதான்னு மட்டும் சொல்லு."

கேபிளை ஜன்னலிடுக்கு வழியாக உள்ளே விட்டிருந்தாள். எஃபி உள்ளே போய் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டாள். ரிப்பேக்கா டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"இருக்கா?"

"ஒண்ணுமில்ல!"

"இப்ப?"

"இல்ல!"

"இப்ப?"

"இல்லடீ! கெணத்துல கல்லுப் போட்டாப்ல கெடக்கு!"

அரைமணி நேரம் அப்படியே போனது. விரல் விறைத்துவிட்டது. ரிப்பேக்கா கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தாள். நடுவில் இருக்கும் செம்புக்கம்பி முனையைத் தாண்டி வெளியே வரவே இல்லை. குட்டையாக வெட்டிவிட்டிருக்கிறாள். தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு, கத்தியால் மறுபடி சீவிப் பூட்டினாள்.

"இப்பப் பாரு!"

"மேல் கோடு ஏறிருச்சு! கீழ ஒண்ணுமில்ல!"

"சுண்டுவெரல் அளவுதான் நகத்துறேன். நிறுத்தி நிறுத்திச் சொல்லு!"

"இல்ல… இல்ல… ஏ! வந்துச்சு! போச்சு! போச்சுடி, திரும்பி வா!"

"எந்தப் பக்கம்?"

"வந்த பக்கம்!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரளவு திருப்பினாள். உள்ளேயிருந்து எஃபி போட்ட கூச்சலில் வேலியில் இருந்த மேக்பை பறவைகள் கலைந்து பறந்தன. ரிப்பேக்கா திருகாணியை இறுக்கினாள். செருப்பில் சேறோடு உள்ளே ஓடினாள். இருவரும் சேர்ந்து ரிமோட்டில் எதை எதையோ அழுத்தினார்கள். சேனல் தேடும் எண் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்று, நாலு, பதினொன்று. எஃபி ஒவ்வொன்றாகத் தாவினாள். பாட்டு, சமையல், யாரோ வீடு விற்கிறார்கள். அடுத்ததில் ஒரு பெண் வரைபடத்துக்கு முன்னால் நின்று மழை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாவோரியில்.

எஃபி கையை எடுத்தாள்.

ரிப்பேக்கா டிவியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். ஹேனாரேவின் தலை சுவர்ப்பக்கத்திலிருந்து மெல்லத் திரும்பியது. அந்தப் பெண் வரைபடத்தின் கிழக்கு ஓரத்தில் கையை வைத்து ஊர்ப்பேர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் பிறந்த பக்கத்துப் பேர்கள். அவர் உதடும் கூடவே அசைந்தது. பிறகு அவள் வேறு என்னவோ சொன்னாள். ஹேனாரே இடது கையை ஓங்கி நாற்காலிக் கையில் அடித்தார்.

"காவோ!"

அந்த வார்த்தை ரிப்பேக்காவுக்குத் தெரியும். 'இல்லை' என்று அர்த்தம்.

அவர் விடவில்லை. டிவிப் பெண்ணைப் பார்த்துத் தொடர்ந்து பேசினார். விரலை நீட்டினார், தலையை ஆட்டினார், ஜன்னலுக்கு வெளியே மேகத்தைக் காட்டினார். ஐம்பது வருஷம் ஆட்டுமயிர் கத்தரித்த மனுஷன். நனைந்த ஆட்டைக் கத்தரிக்க முடியாது. காலையில் எழுந்ததும் வானிலைக்காரனோடு சண்டை போடுவதுதான் அவருக்கு முதல் வேலையாக இருந்தது.

"என்னங்காரு?" என்றாள் எஃபி.

"அந்தப் பொண்ணுக்கு மழையப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதுங்காரு."

"ஒனக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"இத நாப்பத்தெட்டு வருஷமா இங்கிலீஷ்ல கேட்டிருக்கேனே" என்றாள். அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். திரும்பி வந்தபோது கையில் கறித்தட்டு இருந்தது. டிவியிலிருந்து கண்ணெடுக்காமலே ஹேனாரே முழுத்தட்டையும் தின்றார்.

சனிக்கிழமை பத்துமணிக்கு ரோய்மாட்டா வந்தாள். காரிலிருந்து காலிப் பெட்டி இரண்டை இறக்கியவள், பாத்திக்கு நடுவில் நிமிர்ந்து நின்ற டிஷ்ஷைப் பார்த்துப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இது என்ன கோலம்? ரோட்டுல போறவன் சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும். டிக்கெட் போட்டிருக்கோம்."

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. இருவர் மீன்பிடிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹேனாரே அவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ரோய்மாட்டா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா பேசி அவள் கேட்டே நாளாகியிருந்தது. அதிலும் இவ்வளவு நீளமாக, சிரிப்பு கலந்து பேசி அவள் கேட்டதே இல்லை.

"என்னம்மா சொல்றாரு?"

"பாதி தெரியல. நேத்து வரைக்கும் முழுசும் தெரியல."

"சரிம்மா. நல்ல விஷயம்தான். ஆனா டிவி தொணைக்கு ஆகுமா? அது இவரு சொல்றதக் கேக்குமா?"

"அது கேக்காது. நான் கேப்பேன்." ரிப்பேக்கா மேசைமேல் கிடந்த நோட்டை எடுத்துக் காட்டினாள். நேற்றிலிருந்து சேர்த்தது முப்பத்தொரு வார்த்தை. "மத்தியானம் சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற நிகழ்ச்சி ஒண்ணு வருது. நேத்து நானும் எஃபியும் உக்காந்து எழுதுனோம். கரண்டிக்கு என்னன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னு மூஞ்சியத் திருப்புனாரு. மூணு தடவ தப்பா சொன்னேன். பொறுக்க மாட்டாம சரியாச் சொல்லிட்டாரு."

"இந்த வயசுல கத்துக்கப் போறீங்களா?"

"அன்னைக்கு நீ ஒரு கேள்வி கேட்டியே, இங்கன யாரு பேசுறான்னு. அதுக்கு இதுதான் பதில். நான் பேசுறேன். தப்புத்தப்பாத்தான். அவரு திட்டட்டும். நீ அந்த இல்லத்துக்குப் போன் போட்டு அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லு."

"அவரத் தூக்குறது, குளிப்பாட்டுறது?"

"வாரத்துல மூணு நாள் நர்ஸ் வரும். மத்த நாளு எஃபி வருவா. சனி ஞாயிறு நீ வரலாம், அப்பனப் பாக்க மனசிருந்தா."

ரோய்மாட்டாவின் முகம் சிவந்தது. அந்த நேரம் பார்த்துத் தெற்குக் காற்று வீட்டை ஒரு உலுக்கு உலுக்கியது. டிவியில் மீன்காரர்களின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறி, நின்று, திரை கறுத்துப்போனது.

"திருகாணி எளகியிருக்கும்" என்று ரிப்பேக்கா எழுந்தாள். ஆனால் இரண்டு நாளாகக் குனிந்து நிமிர்ந்த இடுப்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மகள் அதைப் பார்த்தாள். அந்த இடுப்பைச் சொல்லிக் குத்திக்காட்ட நல்ல சமயம்தான். ஆனால் அவள் வாசலில் கிடந்த அம்மாவின் ரப்பர் பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

காற்று தலைமுடியை முகத்தில் அடித்தது. அவள் டிஷ்ஷின் பின்னால் வீட்டைப் பார்த்து நின்றுகொண்டு, ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "எந்தப் பக்கம் திருப்ப?"

ரிப்பேக்கா ரிமோட்டை அழுத்தித் திரையில் அந்த இரண்டு கோட்டையும் வரவைத்தாள். அவள் பதில் சொல்வதற்குள், டிஷ் திரும்பியிருந்ததை ஜன்னல் வழியே பார்த்துவிட்ட ஹேனாரேவின் குரல் நாற்காலியிலிருந்து வந்தது. கத்தரிக் கொட்டகையில் ஐந்து ஆளைத் தாண்டிக் கேட்கும் அந்தப் பழைய குரல்.

"மவுயி!"

ரோய்மாட்டா விழித்தாள். "என்ன?"

"மவுயி! மவுயி!"

அவள் ஒரு பக்கமாகத் திருப்பினாள். டிவியில் கீழ்க்கோடு ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சமும் இல்லாமல் போயிற்று. ஹேனாரே தலையில் அடித்துக்கொண்டார். இடது கையைத் தூக்கி, ஜன்னல் கண்ணாடி அதிர அதிரத் தட்டிக் காட்டினார். "மவுயி!"

மவுயி என்றால் இடது. அவருடைய இடது. வீட்டைப் பார்த்து நிற்கிற அவளுக்கு அது வலது. ரோய்மாட்டா தன் கையைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள், டிஷ்ஷை மறுபக்கம் மெல்லத் தள்ளினாள்.

"மவுயியா அப்பா?" என்று காற்றுக்கு மேலே கத்தினாள். "மவுயியா? இன்னும் மவுயியா?"

"ஆயே!" என்றார் அவர், ஆமாம் என்று தலையை ஆட்டி. கோடு ஏறியது. "ஆயே! ஆயே!"

ரிப்பேக்கா நோட்டை இழுத்துப்போட்டு முப்பத்திரண்டாவதாக 'மவுயி' என்று எழுதினாள். வெளியே மகள், பூட்ஸ் சேற்றில் புதைய, திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தாள். கிழங்குச் செடிகளுக்கு நடுவில் குனிந்தபடி, அந்த வார்த்தையை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.